அயல்நாடுகள் பல்கலைக்கழகங்களைத் திறந்துவிட்டன, நாங்கள் ஏன் இன்னும் வாசலிலேயே நிற்கிறோம்?

லண்டனில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. இந்தியாவும் பங்களாதேஷும் பாகிஸ்தானும் நேபாளமும் உயர்கல்வியைத் திறந்துவிட்டன. இலங்கை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது, உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையே வீட்டில் இருக்கிறது. அங்கே செய்ததை இங்கேயும் செய்தால் என்ன? வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் காசு சேர்த்து யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் தொடங்கினால் ஆதரிப்பீர்களா? கடைசியாக ஒரு சொந்த விஷயமும் கேட்டிருந்தார்: அக்காவின் மகளுக்கு பங்களாதேஷில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்கும் போலிருக்கிறது, அனுப்பலாமா?

மருமகளின் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். மற்றதற்குச் சுருக்கமான பதில் இதுதான்: அயல்நாடுகள் திறந்தது உண்மை. நாலு நாடும் நாலு விதமாகத் திறந்தன. ஆனால் நாலும் போய் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் ஒன்றுதான், அது விரிவுரையாளர். அனுமதியைப் பற்றி ஐம்பது வருடத்துக்கு மேலாகச் சண்டை பிடித்துப் பழகிவிட்டதால் எங்களுக்கு அந்தப் பக்கம் கண் போவதே குறைவு. பல்கலைக்கழக நிருவாகத்தில் நீண்ட காலம் இருந்துவிட்டு இளைப்பாறியவன் நான். என் பார்வையில் அந்த மேசையின் சாய்வு இருக்கும், அதையும் கழித்துக்கொண்டே வாசியுங்கள்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. கிடைத்தவருக்குப் படிப்பு இலவசம். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் வந்த ஏற்பாடு அது, பாலர் வகுப்பிலிருந்து பட்டம் வரை. கிடைக்காத மற்ற மூன்று பேரும் வெளிவாரிப் பட்டம், திறந்த பல்கலைக்கழகம், தனியார் கம்பஸ், இல்லாவிட்டால் விசா என்று பிரிந்து போவார்கள்.

அந்த நாலில் ஒருவர் யார் என்று தீர்மானிப்பது எப்படி? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலோடு வரும் வெட்டுப்புள்ளி அட்டவணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் 25 மாவட்டங்கள், மறுபக்கம் கற்கைநெறிகள். ஒவ்வொரு கட்டத்திலும் நாலு தசமதானத்தில் ஒரு எண். சில கட்டங்களில் எண் இருக்காது, 'என்.கியூ.சி.' என்று போட்டிருக்கும். அந்த மாவட்டத்திலிருந்து அந்தக் கற்கைநெறிக்குத் தகுதியான ஆள் இல்லை என்று அர்த்தம். பெறுபேறு வந்த கிழமையில் எங்கள் தாய்மார் யாழ்ப்பாண வரிசையில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நகருவார்கள். ஒருமுறையாவது கண் கிளிநொச்சி வரிசைக்கும் முல்லைத்தீவு வரிசைக்கும் போய்வரும். அங்கே எண் குறைவு. "ரெண்டு வருசம் முந்தியே அங்க கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். இப்படி நினைப்பவர்களுக்காகவே, இத்தனை காலம் அந்த மாவட்டத்துப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

அந்த எண் இசற் புள்ளி (Z-score). 2001இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். கடினமான பாடம் எடுத்தவரும் இலேசான பாடம் எடுத்தவரும் ஒரே தராசில் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. பிறகு இடங்களைப் பகிர்வது: கலைத்துறை போன்றவை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் முழு இலங்கைக்கும் பொதுவான திறமை வரிசைப்படி, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று. எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னால் முகம் ஒரு மாதிரிப் போகும். பழைய பெருமையை விட மனம் வராது, அந்த 5 வீதத்தை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது.

இந்த மாவட்டக் கணக்கு எப்படி வந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. இருந்தாலும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் வாசிக்கக்கூடும் என்பதால் நாலு வரி. 1970-71 அனுமதியில், பரீட்சை எழுதிய பிறகு, மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். மருத்துவத்துக்கு 400இல் தமிழ்மொழியில் எழுதியவருக்கு 250 வேண்டியிருந்தது, சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும். பிறகு, எழுதிய மொழியைப் பார்த்துப் புள்ளியைச் சரிக்கட்டும் ஊடகவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளில் 1970இல் 35 வீதத்தை ஒட்டி இருந்த தமிழ் மாணவர் பங்கு, 1974இல் 21 வீதத்துக்கு வந்துவிட்டது. அதே 1974இல்தான் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவர். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று, பேராசிரியர் வித்தியானந்தன் முதல் துணைவேந்தர். ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொடுத்தார்கள் என்று அந்தக் காலத்தில் கனபேர் பேசிக்கொண்டார்கள். ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டால் யாழ்ப்பாணம் இழந்தபோது மன்னாரும் வவுனியாவும் மட்டக்களப்பும் பெற்றுக்கொண்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது திறந்த கதவு. நாங்கள் இந்தப் பாதியைச் சொல்வது குறைவு.

ஆக, அன்று மிகவும் சுட்டது ஒதுக்கீடு இருந்தது என்பதைவிட, விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது விதியை மாற்றினார்கள் என்பதுதான். அன்றிலிருந்து உயர்கல்விச் சீர்திருத்தம் என்றால் எங்களுக்கு அனுமதிதான், அதைத் தாண்டிப் பேச்சுப் போகாது.

தெற்கிலும் பேச்சு வாசலில்தான் நிற்கிறது, ஆனால் வேறு வாசல். 1980களின் தொடக்கத்தில் கொழும்புக்கு வடக்கே றாகமையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி வந்தது. மாணவர் எதிர்ப்பும் நாட்டின் கலவரமும் சேர்ந்து, 1989இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. அதுதான் இன்றைய களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம். பிறகு மாலபேயில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி. 2017இல் மருத்துவ பீட மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் புறக்கணித்தார்கள், வைத்தியர் சங்கமும் கூடவே நின்றது, அரசு அதை இழுத்து மூடியது. முதல் போராட்டத்தில் தெருவில் முன்னுக்கு நின்ற மாணவர் அமைப்புகளுக்குப் பின்னால் இருந்த ஜே.வி.பி., சைட்டத்தையும் எதிர்த்த கட்சி, அதன் தலைமையிலான அணிதான் 2024இலிருந்து ஆட்சியில் இருக்கிறது. அவர்கள் இனி என்ன செய்வார்கள் என்று பார்க்க எனக்கும் ஆவல்தான்.

ஆனால் தம்பி, 'இலங்கை சாத்திக்கொண்டு இருக்கிறது' என்பது முழு உண்மையில்லை. மருத்துவத்தைத் தொட்டால்தான் நெருப்புப் பிடிக்கிறது. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தில் பிறகு சேர்க்கப்பட்ட 25அ பிரிவின்படி, அரச பல்கலைக்கழகமல்லாத நிறுவனங்களுக்குப் பட்டம் வழங்கும் அனுமதி கொடுக்கிறார்கள். கணினி, முகாமைத்துவம், பொறியியல் என்று எத்தனையோ பட்டங்கள் அப்படிச் சத்தமில்லாமல் ஓடுகின்றன. அப்படிப் பட்டம் கொடுக்கிற எஸ்.எல்.ஐ.ஐ.ரி. நிறுவனத்தை இன்று யாரும் எதிர்த்து ஊர்வலம் போவதில்லை. 2017இல் அரசே வட்டியில்லாக் கடன் கொடுத்துப் பிள்ளைகளை அங்கெல்லாம் அனுப்பவும் தொடங்கியது.

சரி, அயலுக்குப் போவோம். தமிழ்நாட்டிலிருந்து தொடங்குகிறேன், எங்கள் ஆட்கள் ஒப்பிடுவது அதோடுதான்.

இந்தியாவின் 2021-22 கணக்கெடுப்பில் 1,168 பல்கலைக்கழகங்களும் 45,473 கல்லூரிகளும் இருந்தன. 18 முதல் 23 வயது வரையான சனத்தொகையோடு ஒப்பிட்ட சேர்க்கை வீதம் 28.4. தமிழ்நாட்டில் அது 47. 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த தேசியக் கல்விக் கொள்கை 2035இல் 50 வீதத்தை எட்டவேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையை ஏற்கமாட்டோம் என்று நிற்கிற மாநிலம்தான் அந்த இலக்குக்கு மிக அருகில் நிற்கிறது. டெல்லியில் இதை யாரும் உரத்துச் சொல்ல மாட்டார்கள்.

தமிழ்நாடு இதை எப்படிச் சாதித்தது? 1980களின் நடுப்பகுதியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். தனியார் கல்லூரி என்பதோடு எங்கள் ஆட்களின் கதை முடிந்துவிடும். அங்கே விஷயமே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. தனியார் கல்லூரி தன் இடங்களில் 65 வீதத்தை, சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரியானால் 50 வீதத்தை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். 12ஆம் வகுப்பின் கணிதம் 100, பௌதிகம் 50, இரசாயனம் 50 என்று 200க்கு ஒரு கட்-ஆஃப் போட்டு, அந்த வரிசைப்படிதான் பிள்ளை கல்லூரியைத் தெரிவு செய்யும். அந்த இடங்களுக்குக் கட்டணத்தை முதலாளி வைப்பதில்லை, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு வைக்கிறது. அதற்கு மேல் 69 வீத இட ஒதுக்கீடு, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, 2022இலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய். பொறியியலுக்கான நுழைவுத் தேர்வையும் 2007இலிருந்து இல்லாமல் செய்துவிட்டார்கள். மருத்துவத்துக்கு மட்டும் நீட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு வந்து உட்கார்ந்துகொண்டது. மாநிலத்தின் கையில் இருந்த கல்வி, 1976இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் மத்திக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலுக்குப் போனதன் விலை அது. மாகாண அதிகாரம் பற்றிப் பேசுகிற எங்கள் அரசியல்வாதிகள் இந்த ஒரு திருத்தத்தையாவது படித்துவைக்க வேண்டும்.

ஆக, தமிழ்நாட்டின் வாசல் எங்களுடையதைவிட எவ்வளவோ அகலம், ஓரளவு நீதியானதும்கூட. உள்ளே என்ன? 2024இல் அறப்போர் இயக்கம் என்ற அமைப்பு ஒரு காரியம் செய்தது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் தங்கள் முழுநேர ஆசிரியர் என்று கொடுத்த பெயர்ப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒரே ஆள் ஒரே வருடத்தில் பல கல்லூரிகளில் 'முழுநேரம்'. அப்படி நூற்றுக்கணக்கானவர்கள். பல்கலைக்கழகமும் விசாரித்து மோசடி நடந்ததை ஏற்றுக்கொண்டது. ஆய்வுக்குழு வருகிற நாளில் ஆள் இருந்தால் போதும், அங்கீகாரம் கிடைத்துவிடும். மிச்ச நாட்களில் போன வருடம் அதே கல்லூரியில் பட்டம் எடுத்த பெடியன் சொற்பச் சம்பளத்துக்கு வகுப்பு எடுப்பான். அரச பக்கமும் சுகமில்லை. துணைவேந்தரை யார் நியமிப்பது என்று ஆளுநரும் மாநில அரசும் இழுபட்டு உச்சநீதிமன்றம் வரை போனார்கள், இதற்குள் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமலே ஓடின. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமே தாமதப்பட்டது.

பங்களாதேஷ் இன்னும் சுவையான கதை, எங்கள் பக்கத்தில் யாரும் படிக்காத கதையும்கூட. விடுதலைக்குப் பிறகு 1973இல் டாக்கா, ராஜ்ஷாஹி, சிட்டகொங், ஜஹாங்கீர்நகர் ஆகிய நாலுக்கும் பரந்த சுயாட்சி கொடுத்தார்கள். இங்கே 1972இல் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒன்றாக்கி ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்ததற்கு நேர் எதிர்த் திசை. 1992இல் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. தனியார் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது, நோர்த் சவுத் பல்கலைக்கழகம் முதலில் தொடங்கியது. அதே ஆண்டில் நாட்டின் கல்லூரிகளையெல்லாம் சேர்த்துக் கட்ட, காசிப்பூரில் தேசியப் பல்கலைக்கழகம் என்று ஒன்றை அமைத்தார்கள். இன்று அதன்கீழ் இரண்டாயிரத்துக்கும் மேல் கல்லூரிகள் உண்டு. தனியார் பல்கலைக்கழகங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

2010இல் அந்தத் தனியார் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். அதை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். தனியார் பல்கலைக்கழகம் இலாபம் எடுத்துக்கொண்டு போக முடியாது, நம்பிக்கைப் பொறுப்பாளர் சபைதான் நடத்த வேண்டும். வாடகைக் கட்டடத்தில் காலம் முழுக்க ஓட்ட முடியாது, டாக்காவிலும் சிட்டகொங்கிலும் ஒரு ஏக்கர், மற்ற இடங்களில் இரண்டு ஏக்கர் சொந்தக் காணி வேண்டும். 6 வீத இடங்களைக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும், பாதி விடுதலைப் போராளிகளின் பிள்ளைகளுக்கு, பாதி பின்தங்கிய பகுதி ஏழைப் பிள்ளைகளுக்கு. அதோடு, பகுதிநேர ஆசிரியர்கள் முழுநேரத்தவரின் மூன்றில் ஒரு பங்கை மேவக் கூடாது. இந்தக் கடைசி விதி சும்மா வரவில்லை. தொடக்க வருடங்களில் காலையில் டாக்காப் பல்கலைக்கழகத்தில் நின்ற பேராசிரியர்தான் பின்னேரம் தனியார் வகுப்பறையில் நின்றார். புதிய பல்கலைக்கழகம் முளைத்தது, புதிய விரிவுரையாளர் முளைக்கவில்லை. சட்டத்தை மீறினவர்களும் உண்டு, சொந்தக் காணிக்குப் போகாமல் தவணை கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் ஏராளம். இருந்தாலும் எழுத்தில் இப்படி ஒரு சட்டம் இருப்பது, எங்களிடம் இருப்பதைவிட ஒரு படி மேல்.

அந்த நாட்டு மாணவர்களின் ரோசத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2015இல் தனியார் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அரசு 7.5 வீத வற் வரி போட்டது. அதுவரை 'பணக்கார வீட்டுப் பிள்ளைகள், அரசியல் தெரியாதவர்கள்' என்று பெயரெடுத்திருந்த தனியார் மாணவர்கள் டாக்காவின் தெருக்களை அடைத்தார்கள், சில நாளில் வரி போய்விட்டது. 2024இல் அரச வேலை ஒதுக்கீட்டுக்கு எதிரான போராட்டம் ஆட்சியையே கவிழ்த்தபோது தனியார் மாணவர்களும் தெருவில் நின்றார்கள். பட்டம் கொடுக்கும் வாசலை அகலித்த நாடு வேலை கொடுக்கும் வாசலை அகலிக்கவில்லை, அந்த நெருக்கடிதான் வெடித்தது. ஆட்சி போனதும் துணைவேந்தர்களும் வரிசையாகப் பதவி விலகினார்கள். அவர்கள் யாருடைய ஆட்களாக அந்தக் கதிரையில் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பாகிஸ்தான் மட்டும்தான் விரிவுரையாளர் பக்கத்தில் இருந்து தொடங்கிய நாடு. 2002இல் பழைய மானியக் குழுவைக் கலைத்து உயர்கல்வி ஆணைக்குழு அமைத்தார்கள். அதன் தலைவர் அத்தா-உர்-ரஹ்மான் ஒரு இரசாயனவியலாளர். உள்ளூரிலும் வெளிநாட்டிலும் கலாநிதிப் பட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் புலமைப்பரிசில், எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் மின்னூலகம், வழமையைவிடப் பல மடங்கு சம்பளத்தோடு ஒரு புதிய நியமன முறை. அந்த முறையில் வேலை நிரந்தரமாவது ஆய்வைப் பொறுத்தது. நல்ல யோசனை. ஆனால் சம்பளமும் பதவி உயர்வும் கட்டுரை எண்ணிக்கையோடு கட்டப்பட்டதும் கட்டுரைகள் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைத்தன. இயற்பியலாளர் பர்வேஸ் ஹூட்பாய் போன்றவர்கள் இதைத் தொடக்கத்திலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2008க்குப் பிறகு காசு சுருங்கியது, 2010இன் 18ஆவது திருத்தத்துக்குப் பிறகு சிந்தும் பஞ்சாபும் தங்களுக்கென்று ஆணைக்குழு அமைத்தன, மத்திக்கும் மாகாணத்துக்கும் யார் பெரியவர் என்ற பிடுங்குப்பாடு இன்றும் உண்டு. குறையோடு சேர்த்துப் பார்த்தாலும், எங்களுக்குப் பாடம் அதிகம் இருப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். இந்தியாவைப் பார்க்கிற எங்கள் ஆட்கள் பாகிஸ்தானைத் திரும்பியே பார்ப்பதில்லை.

நேபாளத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1959இல் தொடங்கிய திரிபுவன் பல்கலைக்கழகத்தின் வேந்தர் நாட்டின் பிரதமர். பதவிகளைக் கட்சிகள் பங்குபோட்டுக்கொள்ளும். 1991இல் தொடங்கிய காத்மண்டு பல்கலைக்கழகம் கொஞ்சம் விலகி நின்று நல்ல பெயர் எடுத்திருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் படிக்கப் போவதற்கான ஆட்சேபமில்லாச் சான்றிதழ் எடுப்பவர்கள் வருடத்துக்கு ஒரு இலட்சத்தைத் தொட்டுத் தாண்டியிருக்கிறார்கள். அங்கே வாசல் திறந்தது விமான நிலையத்தில்.

துணைவேந்தர் நியமனத்தில் நாங்கள் மட்டும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகப் பேரவை மூன்று பேரைச் சிபாரிசு செய்யும், ஜனாதிபதி ஒருவரை நியமிப்பார். நியமிப்பவர் நீக்கவும் செய்வார். 2019இல் யாழ்ப்பாணத் துணைவேந்தரை அப்படி இடைநடுவில் நீக்கினார்கள், 2020 ஆகஸ்ட் வரை தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை வைத்தே காரியம் நடந்தது.

இனி விரிவுரையாளர் விஷயம். ஒரு வெற்றிடம் எப்படி நிரம்புகிறது, அல்லது நிரம்பாமல் போகிறது என்று காட்டுகிறேன். துறைத்தலைவர் கடிதம் எழுதுவார். பதவியணியில் இடம் இருந்தாலும் ஆள் எடுக்கத் திறைசேரிப் பக்கத்து அனுமதி வேண்டும். முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்துக்குக் கோப்பு போகும், கேள்வியோடு திரும்பி வரும், திரும்பவும் போகும். பத்திரிகையில் விளம்பரம் வரும்போது வருடம் ஒன்று போயிருக்கும். விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் பழைய மாணவர்கள், நல்ல முதல் வகுப்பு. ஒருவர் தகுதிகாண் விரிவுரையாளராக, அதாவது நிரந்தரமாவதற்கு முந்திய படியில் சேருவார், நாலு வருடத்துக்குள் கலாநிதிப் பட்டத்துக்கு அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ சம்பளத்தோடு விடுமுறையில் போவார், திரும்பி வந்து இத்தனை வருடம் சேவை செய்வேன் என்று பிணை ஒப்பந்தம் கையெழுத்து வைப்பார். சிலர் வருவார்கள். சிலர் பிணைக்காசைக் கட்டிவிடுவார்கள். 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்த பிறகு அந்தப் பிணைக்காசு டொலரில் மலிந்துவிட்டது. 2023 ஜனவரியில் வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆனதும், திரும்பி வந்தவர்களும் கடவுச்சீட்டைத் தேடத் தொடங்கினார்கள். அந்த வெற்றிடத்தைக் காட்டித் திரும்பவும் ஒரு கடிதம் எழுத வேண்டும். இதற்கிடையில் வகுப்பை நடத்துவது யார்? தற்காலிக உதவி விரிவுரையாளர், போன வருடப் பட்டதாரி. தமிழ்நாட்டுக் கல்லூரியில் நிற்கிற பெடியனுக்கும் இவருக்கும் வித்தியாசம், இவரைத் தற்காலிகம் என்று நாங்கள் எழுத்தில் ஒத்துக்கொள்கிறோம் என்பது மட்டும்தான்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய நோயுமில்லை. 1983க்குப் பிறகு போனவர்கள், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு போனவர்கள் என்று ஒவ்வொரு அலையும் துறைகளைக் கரைத்துக்கொண்டே போனது. அந்த வருடங்களில் ஆட்களை வைத்துப் பல்கலைக்கழகத்தை மூடாமல் நடத்தினதே பெரிய காரியம். போருக்குப் பிறகு கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் என்று பீடங்கள் வந்தன, வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கட்டடங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. 2012இல் விரிவுரையாளர் சங்கம் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கேட்டு மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். ஒதுக்கீடு இன்றும் அந்த ஆறுக்கு எட்டாத தூரத்தில்தான் நிற்கிறது.

தம்பி கேட்ட தனியார் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். கொள்கையளவில் எனக்கு எதிர்ப்பு இல்லை. காசு உள்ள வீட்டுப் பிள்ளை மலேசியாவுக்குப் போவதைவிட இங்கே படித்தால் காசாவது ஊரில் நிற்கும். ஆனால் சில விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். பங்களாதேஷ் மாதிரி, இலாபம் எடுக்காத நம்பிக்கை நிதியமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு மாதிரி, பாதி இடங்களாவது இசற் புள்ளி வரிசையில், நியாயமான கட்டணத்தில், பகிரங்கப் பட்டியலோடு நிரம்ப வேண்டும். மருத்துவத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம், இரண்டு முறை பட்டது போதும். முக்கியமானது ஆசிரியர். இந்தப் பட்டத்துக்கு இத்தனை முழுநேர விரிவுரையாளர், அவர்கள் வேறெங்கும் வேலையில் இல்லை என்று காட்டிய பிறகே முதல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களையே நீங்கள் அதிகச் சம்பளம் காட்டி இழுப்பீர்கள். ஒரு பல்கலைக்கழகம் இருந்த ஊரில் இரண்டு அரைப் பல்கலைக்கழகம் இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குக் கட்டடத்தில் ஒரு மோகம் உண்டு. கட்டடம் என்றால் கல்லில் பெயர் பொறிக்கலாம், நாடா வெட்டலாம். அந்தக் காசில் ஒரு துறைக்கு இரண்டு கலாநிதிப் பட்ட மாணவர்களைச் சம்பளத்தோடு படிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவரலாம். உங்களிடையே இருக்கிற பேராசிரியர்கள் தங்கள் ஆய்வு விடுமுறையில் ஒரு அரையாண்டு இங்கே வந்து, வகுப்பும் எடுத்து, இரண்டு பேருடைய ஆய்வை மேற்பார்வையும் செய்யலாம். ஏற்கனவே சிலர் செய்கிறார்கள். பாகிஸ்தான் அரச காசில் செய்ததைச் சின்ன அளவில் நீங்கள் செய்வதுதான் இது. கட்டுரையை எண்ணிக் காசு கொடுக்கிற அந்தப் பிழையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் மருமகள். பங்களாதேஷ் மோசமான தெரிவு இல்லை. படிப்பு ஆங்கிலத்தில், இலங்கைப் பிள்ளைகள் நெடுங்காலமாகப் போகிறார்கள். சார்க் நாடுகளுக்கென்று அரச மருத்துவக் கல்லூரிகளில் தனி இடங்களும் உண்டு, அவற்றுக்குக் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு, எனவே முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். முகவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், அவருக்குத் தரகு வருவது தனியார் கல்லூரியில்தான். பிள்ளையின் உயர்தரப் பெறுபேற்றைப் பாருங்கள். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியலில் குறைந்தது இரண்டு சி, ஒரு எஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வந்து இலங்கை மருத்துவ சபையில் பதிய முடியாது. கல்லூரி அந்தச் சபை ஏற்றுக்கொண்டதா என்பதை முகவரின் வாயிலிருந்து கேட்காமல், சபையின் சொந்தப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். திரும்பி வந்ததும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இ.ஆர்.பி.எம். பரீட்சை எழுத வேண்டும், அதிலும் உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருப்பதிலும் காலம் போகும், அதற்கும் காசு ஒதுக்கி வையுங்கள். அப்புறம், வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வாட்டில் கிடக்கிற நோயாளி வங்காளத்தில்தான் பேசுவார். இப்போதிருந்தே பிள்ளை அந்த மொழியைப் பழகத் தொடங்கட்டும்.